ஒன்றரை ஷிப்ட்

ஏற்றுமதி அலுவலகமொன்றில் கடிதம் தட்டிக்கொண்டிருந்த காலத்தில், வெளிநாட்டு பையருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். எங்கள் டையிங் யூனிட்டில் வேலை தாமதம் என்பதுதான் சேதி. ஆங்கிலத்தில் ஓரெழுத்து விட்டுப்போனது. சாயம் போடும் யூனிட், செத்துக்கொண்டிருக்கும் யூனிட் ஆகிவிட்டது. பையர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சரக்கு என்றைக்குக் கப்பலேறும் என்று மட்டும் கேட்டார்.

தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே டையிங்தான். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அந்த எழுத்துப்பிழை நினைவுக்கு வந்தது. பட்டறைக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றைப் பொறுத்தவரை அது பிழையே இல்லை. அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணை நீர் பயிருக்கு ஆகாது என்றான பிறகும் அலுவலகத்தில் நாங்கள் அந்தக் கழிவை ‘எஃப்ளூயன்ட்’ என்றே எழுதிவந்தோம். ஆற்றங்கரையில் இருந்தவர்களுக்கு அது சாயத்தண்ணி.

அன்றிலிருந்து ஆங்கிலச் சொற்களில் எனக்கு விருப்பு வெறுப்பு உண்டு. ஆங்கிலமே கூடாது என்கிற கட்சியில் நான் இல்லை. இந்த ஊரில் அது நடக்கவும் செய்யாது. பனியன் என்ற சொல்லையே பாருங்கள். வணிகரைக் குறித்த குஜராத்திச் சொல், போர்த்துக்கீசியர் வாயிலும் ஆங்கிலேயர் வாயிலும் புகுந்து புறப்பட்டு, உடுப்பின் பெயராகி நம்மிடம் வந்து சேர்ந்தது. நம் ‘வணிக’த்துக்கும் அதற்கும் வேர் ஒன்று. அந்நியம் என்று அதை விரட்டினால் ஊரில் பாதிப் பெயர்ப்பலகைகள் வெறும் தகரம்.

எனக்குப் பிடித்தவை மெஷினில் உட்கார்ந்தவர்கள் வாயில் தேய்ந்த சொற்கள். ஃபிளாட்லாக் இங்கே பேட்லாக். அதைத் திருத்துகிறவருக்குப் பெரும்பாலும் தைக்கத் தெரியாது. கழித்துவிட்ட உடுப்புகளைச் சொல்லும் செகண்ட்ஸும் பிடிக்கும். ஓட்டை, கறை, தையல் பிசகு எல்லாம் அதில் அடக்கம். காதர்பேட்டைச் சந்தையில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். எதையும் மறைக்காத சொல்.

மறைக்கிற சொல் கம்ப்ளையன்ஸ்; விதிப்படி நடப்பது என்று அர்த்தம். ஆடிட் வருகிறது என்றதும் முதலுதவிப் பெட்டியின் சாவியைத் தேட ஆரம்பிப்போம்.

ஆனால் மறைப்பதற்கு ஆங்கிலம்தான் வேண்டும் என்பதில்லை. மூன்று வருடம் ஹாஸ்டலில் இருந்து வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, இந்த வட்டாரத்து நூற்பாலைகள் இளம்பெண்களைச் சேர்த்த ஏற்பாட்டுக்குச் சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகத்தான் பெயர் இருந்தது. தமிழ் உடைத்துச் சொன்ன இடமும் உண்டு. ‘டியர்னஸ் அலவன்ஸ்’ என்றால் ஏதோ அன்பளிப்பு போலக் கேட்கிறது. பஞ்சப்படி என்றால் வயிற்றுக்குப் புரிகிறது. அதைக் கேட்டுத்தான் 1984-இல் இந்த ஊர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

எல்லாவற்றையும்விட நான் ரசித்த சொல் ஒன்றரை ஷிப்ட். எட்டு மணி நேரம் ஒன்று, மேற்கொண்டு நாலு மணி நேரம் அரை. வெள்ளைக்காரன் முழுசாகக் கொடுத்த ஷிப்டை நம் ஆட்கள் வெற்றிலையைப் போலக் கிள்ளிப் பாதியாக்கிவிட்டார்களே என்று வெகுகாலம் பூரித்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தது தாமதமாகத்தான். வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால், கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. ஆறு நாளும் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறவருக்கு அந்த நாலு மணி நேரம் ஓவர்டைம். அதன் கூலி ஒரு முழு ஷிப்ட். அரை என்று பெயர் விழுந்ததும் பல கம்பெனிகளில் அதன் கூலியும் அரையாக நின்றுவிட்டது. நான் ரசித்த கிள்ளல் அதுதான்.

ஒரு சனிக்கிழமை இரவு சம்பளக் கவரோடு வந்த பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டேன்: “இந்த வாரம் எத்தனைங்க்கா?”

“ஒரு நாள்கூட விடலீங்க. ஒம்பது ஷிப்ட்.”

சட்டப்படி எண்ணினால் பன்னிரண்டு. நான் அதைச் சொல்லவில்லை. “பரவாயில்லீங்களே” என்றேன்.