மூச்சுக்குழல் தசையும் தீமை பற்றிய வினாவும்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வைத்தியராகவும் தத்துவஞானியாகவும் விளங்கிய மைமோனிதீஸ் என்னும் யூதப் பேரறிஞர், ஆஸ்துமாவைப் பற்றித் தனி நூலொன்று இயற்றியதோடு, ‘கலங்கியோர்க்கு வழிகாட்டி’ என்ற தம் மகாகிரந்தத்தில், தீமை என்பது தனியொரு வஸ்துவன்று, நன்மையின் அபாவமே என்றும், ஆதலின் ஈசுவரன் அதனைப் படைத்தவனாகான் என்றும் வாதித்தார்.

அவர் காணாததை நாம் காண்கிறோம். ஆஸ்துமாவால் மாண்டோரின் மூச்சுக்குழல் தசை தடித்திருப்பதை ஹியூபர், கோஸ்லர் என்னும் ஆய்வாளர்கள் 1922-இல் அளந்து காட்டினர். அழற்சியுற்ற மூச்சுக்குழல் சுவரில் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள் தசையணுவின் ஏற்பிகளைத் தொட, எர்க், பிஐ3 கைனேஸ் முதலிய நொதிகள் தூண்டப்பட்டுச் செய்தியை உட்கருவுக்குச் சேர்ப்பிக்க, சைக்ளின் டி1 என்னும் புரதம் பெருகி, அடங்கியிருந்த தசையணு பிளவுறத் தொடங்குகிறது.

இங்கே அபாவம் எங்கே? காயத்தை ஆற்றுவதும், கருவிலுள்ள சிசுவின் நுரையீரலை உருவாக்குவதும் இவ்வகைச் செய்திகளே. குறைவன்று, மிகுதியே இங்கு நோய். அளவின்மையும் ஓர் அபாவந்தானே எனலாம். ஆனால் மூச்சுத் திணறும் குழந்தையின் அருகில் நின்று அவ்விடையைச் சொல்ல நா கூசும்.

மாம்சமும் எலும்புமாய்ப் பிறந்து, அவற்றுக்குரிய விகாரங்களுக்கு உட்படாதிருக்க விரும்புவது முரண்பட்டவற்றை ஒருங்கே விரும்புவதாகும் என்று ‘கலங்கியோர்க்கு வழிகாட்டி’யின் மூன்றாம் பாகத்தில் மைமோனிதீஸ் கூறுவதே எனக்கு வலிய வாதமாகத் தோன்றுகிறது; ஆறவல்ல சதை, மிகையாக வளரவும் வல்லதாகவே இருக்கும். ஆகவே, இந்நோய் சதையின் இயல்பிலிருந்தே எழுவதால், இதனைப் பூர்வபாபத்தின் தண்டனை என்று நோயாளியிடம் சொல்லும் வழக்கத்தை நாம் கைவிடவேண்டும்.