சகேயுவின் கணக்கு

ஆண்டுதோறும் தபசு காலம் வருகிறது. ஆன்மீகப் புத்துயிர்ப்பைப் பற்றிய பிரசங்கங்களும் வருகின்றன. எழுப்புதல் கூட்டங்களிலே கண்ணீர் பெருகுகிறது. அக்கண்ணீரைப் பொய்யென்று தள்ள நாம் துணியோம். தன் பிழையை எண்ணி ஒரு மனிதன் அழுவது சிறிய காரியமன்று. ஆயினும், ஞாயிறன்று அழுதவன் திங்களன்று கூலி கொடுக்கும்போது எப்படி நடந்துகொள்கிறான் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்த வினாவைச் சமயத்துக்குப் புறம்பே நின்று நாம் எழுப்பவில்லை, வேதாகமமே எழுப்புகிறது.

லூக்கா சுவிசேஷத்தின் 19ஆம் அதிகாரத்திலே சகேயு வருகிறான். எரிகோ நகரின் ஆயக்காரருக்குத் தலைவன், செல்வன், குள்ளன். உரோம ஆட்சியின் வரிமுறையிலே, விதித்ததற்கு மேல் பிடுங்கியது ஆயக்காரன் மடியிலேயே விழுந்தது. மரத்திலேறித் தம்மைப் பார்த்த அவன் வீட்டுக்கு இயேசு விருந்தாளியாய்ப் போகிறார். அங்கே சகேயு புலம்பியதாகச் சுவிசேஷகர் எழுதவில்லை. அவன் கணக்குச் சொல்கிறான்: சொத்திற் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் எடுத்தது நாலு மடங்காய்த் திரும்பும். அதன் பின்னரே அவ்வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததென்ற சொல் பிறக்கிறது.

இந்த நாலு மடங்கைச் சற்றே கவனிக்க வேண்டும். தானாகவே குற்றத்தை ஒப்புக்கொண்டவனிடம் மோசேயின் நியாயப்பிரமாணம் முதலையும் அதனோடு ஐந்திலொரு பங்கையுமே கேட்டது. ஓர் ஆட்டைத் திருடிக் கொன்றவன் அல்லது விற்றவனே நாலு ஆடு கொடுக்க வேண்டும். ஆகவே சகேயு, சட்டம் தந்த சலுகையை ஒதுக்கிவிட்டுத் திருடனுடைய வரிசையிலே தானே போய் நின்றான். உரோமச் சட்டம் அவனைத் திருடனென்று சொல்லவில்லை என்பதையும் சேர்த்து எண்ணுக.

பவுல் கொரிந்து சபையாருக்கு எழுதியதும் இதே கணக்குத்தான். வசதியுள்ளோர் முந்திக்கொண்டு உண்டு குடிக்க, மற்றவர் பசியோடிருந்தனர். அப்படிக் கூடி உண்பது கர்த்தருடைய இராப்போசனமே அன்று என்று அவர் அடித்துச் சொல்லிவிட்டார்.

நமது மண்ணுக்கு வருவோம். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினர். அவர்களும் பிற மிஷன்களும் கட்டிய பாடசாலைகளால் எழுத்தறிவு பெற்றோர் மிகப் பலர். அந்த நன்றியை மறப்பது பாவம். எனினும், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிலே சகல பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர வேண்டுமென்று 1929, 1930ஆம் ஆண்டுகளில் அரசாங்கத்தின் கல்விப் பகுதி வற்புறுத்த வேண்டியிருந்தது. எதிர்ப்பு மூண்டது, பாடசாலைகள் சில தீக்கிரையாயின. நூறு ஆண்டுக்கு மேலாகச் சுவிசேஷம் ஒலித்த நாட்டிலே ஒரு பிள்ளையைத் தரையிலிருந்து வாங்குக்கு உயர்த்தச் சுற்றுநிருபம் வேண்டியிருந்தது! ஞானஸ்நானத் தண்ணீரிலே சாதி கரையவில்லை.

சகேயு செய்தது தனிமனிதனுடைய நற்செயல்தானே, மறுநாளும் அந்தச் சுங்கத்துறை அங்கேயே இருந்திருக்குமே என்று நம் நண்பர் சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. அவன் எழுந்துபோனாலும் அந்த ஆசனத்துக்கு ஆளா கிடைக்காது? இதனை உணர்ந்த கிறிஸ்தவர்கள் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. 1957இல் யொஹான் தேவானந்த அடிகள் இப்பாகமுவையில் தேவசரண ஆச்சிரமத்தை நிறுவினார். செபத்துக்கென்று தொடங்கிய இடம், அயலிலிருந்த கமக்காரரின் காணிப் பிரச்சினைக்குள்ளும் இறங்கிற்று. திஸ்ஸ பாலசூரிய அடிகள், நற்கருணையையும் மானிட விடுதலையையும் இணைத்து 1977இல் ஒரு நூல் எழுதினார். வாரந்தோறும் நிகழும் பூசை, அதிலே பங்குபற்றும் சமூகத்தின் அநீதியை ஏன் அசைப்பதில்லை என்பதே அவரை உறுத்திய கேள்வி.

ஆனால் சமுதாய அமைப்பு மாறட்டும், பிறகு பார்ப்போம் என்பதும் தப்பித்துக்கொள்ளும் வழியாகலாம். 1966ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைகளையும் ஆலயங்களையும் திறக்கக் கோரிப் போராட்டம் நடந்தபோது மேடையிலே முழங்கியோர் உண்டு. அவர்களுட் சிலருடைய வீட்டுக் கோடிப்புறத்தில், கள்ளிறக்க வருபவருக்கென்று சிரட்டையோ தனிப் பேணியோ கவிழ்ந்து கிடந்தது. புரட்சி பேசிய நாமும், செபம் பண்ணிய அவர்களும் அந்தப் பேணியைப் பார்க்காதது போலவே அதைக் கடந்து போனோம்.

சகேயுவின் அந்த இரவுக்குப் பின் வந்த நாட்களைப் பற்றி நாம் அதிகம் நினைப்பதில்லை. பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டும். ஏமாற்றப்பட்டவர்களை ஒவ்வொருவராய்த் தேடி வீட்டுப் படலையைத் தட்ட வேண்டும். சிலர் திறந்திரார். சிலருக்குத் தொகை நினைவிராது; சிலர் இறந்திருப்பர், பிள்ளைகளைத் தேட வேண்டியிருக்கும். எத்தனை நாள் பிடித்ததென்று லூக்கா எழுதவில்லை.