ஏரிக்கரை நடையும் காலி நாற்காலியும்

பெங்களூரின் அல்சூர் ஏரியை ஒட்டிய நடைபாதையில் பொழுது புலரும்போதே ஆள் நடமாட்டம் தொடங்கிவிடுகிறது. மணிக்கட்டில் காலடிகளை எண்ணும் கடிகாரம், காதில் இயர்போன், தோளில் சிறு துண்டு. சிலர் நடக்கிறார்கள், சிலர் ஓடுகிறார்கள், சிலர் வேலியோரம் நின்று கைகளை நீட்டி மடக்குகிறார்கள். இன்னும் சிலர் அங்கிருந்து நேரே பக்கத்துத் தெரு ஜிம்முக்குப் போகிறவர்கள். இந்த வட்டாரத்து நடுத்தர வயதுத் தமிழரிடம் அரசியல் பேச்சை எடுத்தால் இப்போது ஒரு பதில் தயாராக இருக்கிறது: "அதெல்லாம் விட்டாச்சுங்க, இப்ப உடம்பைப் பாத்துக்கறேன்." இதைச் சலிப்போடு சொல்வதில்லை. சிகரெட்டை விட்டவர் சொல்வதுபோல ஒரு நிறைவோடு சொல்கிறார்கள். அரசியல் மீதிருந்த அக்கறையைக் கொடுத்துவிட்டு உடற்பயிற்சியை வாங்கிக்கொள்ளும் இந்தப் பண்டமாற்று அறத்துக்கு ஒத்ததுதானா என்று கேட்பது யாருடைய நடையையும் குறைசொல்வதற்காக அல்ல. நல்லதொன்றைச் செய்கிறவர்தான் இந்தக் கேள்விக்கு உரியவர். எதையும் செய்யாதவரிடம் இதைக் கேட்டுப் பயனில்லை.

முதலில் அரசியலை விட்டவர் பக்கத்து நியாயத்தை முழுதாக ஒப்புக்கொள்ள வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வு, இந்நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்வதாகக் கணக்கிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய பாதிப்பேர் போதிய உடலசைவு இல்லாதவர்கள். இந்த நிலையில் நாற்பது வயதில் எழுந்து நடக்கத் தொடங்குபவர் தன் குடும்பத்துக்கு ஒரு கடமையைச் செய்கிறார். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவர் 'அரசியல்' என்று சொல்லி விட்டுவிட்டது எதை? இரவு ஒன்பது மணித் தொலைக்காட்சி விவாதம், வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் வீடியோக்கள், தெரியாத ஆளோடு நள்ளிரவு வரை நீளும் வாய்ச்சண்டை. இவற்றால் ஒரு தெருவிளக்குகூட எரிந்ததில்லை. அமெரிக்க அரசியல் அறிஞர் ஈட்டன் ஹெர்ஷ் 2020-இல் எழுதிய நூல் ஒன்று இப்படிப்பட்ட ஆர்வத்தைப் பொழுதுபோக்கு என்றே வகைப்படுத்துகிறது. கிரிக்கெட் பார்ப்பதுபோல அரசியலைப் பார்க்கிறோம், ஆடுவதில்லை. அந்தப் பொழுதுபோக்கை உதறியவர் எதையும் இழக்கவில்லை, ஊருக்கும் நட்டமில்லை. தூக்கமும் ரத்த அழுத்தமும் சீரானால் அது சுத்த லாபம். கதை இதோடு முடிந்திருந்தால் கட்டுரைக்கே வேலையில்லை.

ஆனால் கைவிடப்படுவது அதோடு நிற்பதில்லை. தொலைக்காட்சி விவாதத்தோடு வார்டும் சேர்ந்து போகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது, குப்பை வண்டி வராத தெருவுக்காக ஒரு மனு கொடுப்பது, மழைநீர்க் கால்வாயில் கழிவுநீரை விட்டது யார் என்று கேட்பது என்று எல்லாமே 'அரசியல்' என்ற ஒரே மூட்டையில் கட்டப்பட்டு வெளியே வைக்கப்படுகின்றன. இதற்கு நேரமில்லை என்பதுதான் வழக்கமான சமாதானம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. வாரத்தில் இருப்பதோ 10,080 நிமிடங்கள். நூற்றுக்கு ஒன்றரை பங்கு. அந்த ஒன்றரை பங்கு யாருடைய குடியுரிமைக் கடமையையும் விழுங்கிவிட முடியாது. ஆகவே இந்தப் பண்டமாற்றில் உண்மையில் கைமாறுவது நேரம் அல்ல, அக்கறை. 'என் கவனத்துக்கு உரியது என் தோலுக்கு உள்ளே இருப்பது மட்டும்' என்ற முடிவு அது. என் கண்ணில் தவறு தொடங்குவது இங்கேதான்.

அந்த முடிவு அறத்துக்கு மட்டுமல்ல, உண்மைக்கும் ஒவ்வாதது. 2016 மார்ச்சில் இதே அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே நாளில் செத்துக் கரையொதுங்கின. கழிவுநீர் கலந்து தண்ணீரில் உயிர்வளி குறைந்ததே காரணம் என்றார்கள். கரையில் வெள்ளை வயிறு மேலே தெரிய மீன்கள் குவிந்து கிடக்க, நாற்றம் தாங்காமல் நடப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எவ்வளவு ஒழுங்காகப் பயிற்சி செய்தவரின் நுரையீரலும் அன்று அந்தக் காற்றைத்தான் இழுத்தது. கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை எந்தப் பயிற்சியாளரும் முடிவு செய்வதில்லை. அதை முடிவு செய்வது வரவு செலவுத் திட்டமும் ஒப்பந்தமும், அதைத் தட்டிக்கேட்க ஆள் இருக்கிறாரா என்பதும். உடல் என்பது தனிச்சொத்து என்று நினைக்கிறோம். குடிக்கும் நீரும் மூச்சுக்காற்றும் கால் வைக்கும் நடைபாதையும் அதன் பாகங்கள்தாம். அவை பொதுவில் இருக்கின்றன, அவ்வளவுதான் வேறுபாடு.

சரி, வசதி உள்ளவர் தண்ணீருக்கு வடிகட்டியும் காற்றுக்கு இயந்திரமும் வாங்கிக்கொள்ளலாம், குளிரூட்டிய அறைக்குள் டிரெட்மில்லில் ஓடலாம். அப்போது கேள்வி இன்னும் கூர்மையாகிறது. வாங்க முடியாதவர் என்ன செய்வார்? நடைப்பயிற்சிக்காரர் வரும் அதே விடியலில் அதே சாலையில் நகரத் துப்புரவுப் பணியாளர்களான பௌரகார்மிகப் பெண்கள் நீளத் துடைப்பத்தோடு குனிந்து நிமிர்கிறார்கள். ஒரு கை துடைப்பத்தின் அடியில், மறுகை நடுவில். இடுப்பு வளைந்தபடியே தெரு நீளம் போகிறார்கள். அவர்கள் உடல் செய்யும் வேலைக்கு எந்தக் கடிகாரமும் கணக்கு வைப்பதில்லை. 2022 ஜூலையில் கர்நாடகமெங்கும் அவர்கள் வேலையை நிறுத்திப் பணி நிரந்தரம் கேட்டார்கள். அவர்களுக்கு முதுகுவலிக்கான மருந்து அரசியலில்தான் இருந்தது, வேறெங்கும் இல்லை. அரசியலை விட்டுவிட ஒருவரால் முடிகிறது என்றால் அதன் பொருள், அரசியல் கெட்டால் முதலில் அடிபடும் இடத்தில் அவர் இல்லை என்பதே. தனக்கு நட்டமில்லாத ஒன்றைக் கைவிட்டு அதன் விலையை இன்னொருவர் முதுகில் ஏற்றுவதைத் துறவு என்று சொல்ல முடியாது.

இதற்கு எழும் மறுப்புகளில் மிகக் கனமானது அல்சூர்த் தமிழருக்கே உரியது. அதை மரியாதையோடு கேட்க வேண்டும். இந்த ஊரில் அரசியல் என்பது தமிழருக்குப் பல தடவை அடியாகவே வந்திருக்கிறது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியான 1991 டிசம்பரில் பெங்களூரில் கலவரம் மூண்டு தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, உயிர்கள் போயின. 2016 செப்டம்பர் 12-ஆம் தேதி மறுபடியும் தமிழகப் பதிவெண் கொண்ட வண்டிகள் எரிந்தன, நகரின் பல பகுதிகளில் ஊரடங்கு போடப்பட்டது. அந்த இரவுகளைக் கதவடைத்துக் கழித்த வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்த புத்தி ஒன்றுதான்: வாயைத் திறக்காதே, வேலையைப் பார், நமக்கு எதுக்கு வம்பு. அப்படி வளர்ந்தவர் இன்று அரசியலை விட்டு ஜிம்முக்குப் போகிறார் என்றால் அதைச் சுயநலம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது அநியாயம். அச்சம் குற்றமல்ல. ஆனால் ஒதுங்கி இருப்பது பாதுகாப்புத் தந்ததா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 1991-இல் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் அரசியல் செய்தவர்கள் அல்லர். இட்லிக் கடை வைத்தவர்கள், கூலிக்கு வந்தவர்கள், அன்றாடங்காய்ச்சிகள். கலவரம் யாரிடமும் கட்சி அட்டை கேட்டுவிட்டு அடிக்கவில்லை.

அரசியல் அடியாக மட்டுமே வரும் என்பதற்கு எதிர்ச் சாட்சியும் இதே ஏரிக்கரையில் நிற்கிறது. 1991-இல் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் நிறுவப்பட்ட வள்ளுவர் சிலை எதிர்ப்பு காரணமாகத் திறக்கப்படாமல் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்தது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அதைக் கடந்து நடந்தவர் எத்தனை பேர்! மூடியிருந்த துணியை அவர்கள் நடை விலக்கவில்லை. பேச்சுவார்த்தையும் விட்டுக்கொடுத்தலும் பொறுமையும் கலந்த அரசியல் விலக்கியது. 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி கர்நாடக முதல்வர் எடியூரப்பா உடனிருக்க, தமிழக முதல்வர் கருணாநிதி அச்சிலையைத் திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இரு கட்சிகள், இரு மாநிலங்கள், நூறு கசப்புகள். இருந்தும் அது நடந்தது. தமிழரை அடித்ததும் அரசியல்தான், வள்ளுவரின் முகத்தைக் காட்டியதும் அரசியல்தான். அடிக்கிற அரசியலுக்கு அஞ்சி விலகுகிறவர் சேர்த்துவைக்கிற அரசியலையும் ஆளில்லாமல் விட்டுவிட்டுப் போகிறார்.

வள்ளுவர் பெயர் வந்த இடத்தில் இன்னொன்றும் கவனத்துக்கு உரியது. உணவை அளந்து உண்பது, பசித்தபின் உண்பது, நோயின் காரணம் அறிவது என்று உடலைப் பேணும் வழி சொல்லும் 'மருந்து' அதிகாரம் பொருட்பாலில் இருக்கிறது. அரசன், அமைச்சன், தூதன், ஒற்றன், நாடு, அரண் ஆகியவை பேசப்படும் அதே பாலில். பரிமேலழகர் அமைப்பில் அது 95-ஆம் அதிகாரம். அடுத்த சில அதிகாரங்களிலேயே தன் குடியை உயர்த்த உழைப்பதைப் பேசும் 'குடிசெயல்வகை' வந்துவிடுகிறது. உடலா ஊரா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் அமைப்பாக எனக்கு இது தோன்றவில்லை. நம் காலத்துக்கு அருகில் வந்தால், தேகப்பயிற்சியை வலியுறுத்திய வ.வே.சு. ஐயர் விடுதலைப் போராளியும்கூட. அவர் 1922-இல் சேரன்மாதேவியில் தொடங்கிய குருகுலத்தை உலுக்கிய கேள்வி உடல்வலிமையைப் பற்றியதே அல்ல. பிராமணச் சிறுவர்க்குத் தனிப்பந்தி ஏன் என்பதுதான் அந்தக் கேள்வி. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எழுப்பினார்கள். பிள்ளைகளின் உடம்பை வளர்க்க முனைந்த பள்ளியும், அவர்கள் எங்கே யாரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. கடல் கடந்து பார்த்தால் ராபன் தீவுச் சிறையில் மண்டேலா வாரத்தில் நான்கு காலை முக்கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடினார், தண்டால் எடுத்தார். வெளியே வந்து செய்ய வேண்டிய வேலைக்காக அந்த உடலைக் காத்தார்.

தனி ஒருவர் அக்கறை காட்டி என்ன ஆகிவிடும், உடம்பிலாவது மூன்று மாதத்தில் பலன் தெரிகிறதே என்பது அடுத்த மறுப்பு. பலன் விரைவில் தெரிவது உண்மைதான். ஆனால் பலன் தெரியாது என்பது பெங்களூரைப் பொறுத்தவரை உண்மையல்ல. 2016-இல் சாளுக்கிய வட்டத்திலிருந்து ஹெப்பாள் வரை ஏறக்குறைய 1,800 கோடி ரூபாயில் இரும்பு மேம்பாலம் கட்ட அரசு முனைந்தது. 800-க்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட இருந்தன. அக்டோபர் 16-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயிரக்கணக்கானோர் வந்து சாலையோரம் கைகோத்து நின்றார்கள். ஜிம்முக்கோ நடைக்கோ போக வேண்டிய ஒரு ஞாயிறு காலைதான் அதற்குச் செலவானது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தடையும் ஊழல் புகார்களும் சேர்ந்துகொண்டன. 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. ஒருவர் மட்டும் வந்திருந்தால் இது நடந்திருக்காது என்பது சரி. ஒவ்வொருவரும் 'நான் ஒருவன் போய் என்ன' என்று இருந்திருந்தாலும் நடந்திருக்காது.

எல்லாரும் கட்சியில் சேர வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. நோயாளி, நோயாளியைப் பார்த்துக்கொள்பவர், துக்கத்தில் இருப்பவர், இரண்டு வேலை பார்த்துக் களைத்தவர் ஆகியோரிடம் ஊர் எதையும் கேட்க உரிமை இல்லை. தினமும் ஒரு மணி நேரம் தன் உடலுக்கென்று எடுத்துவைக்கத் தெரிந்தவரிடம் கேட்கலாம். அவரிடம் இருக்கும் மூன்று குணங்கள், அதாவது விடியலில் எழுவது, பலன் தெரியாத நாட்களிலும் விடாமல் செய்வது, அளந்து பார்ப்பது, வார்டுக்குத் தேவைப்படுபவை. செய்தித் தொலைக்காட்சியை அவர் மறுபடி போட வேண்டாம். மாதத்துக்கு ஒரு மாலை, ஒரு மனு, ஒரு கேள்வி, தேர்தல் வந்தால் ஒரு வாக்கு. 2024 ஏப்ரல் 26-ஆம் தேதி மக்களவைத் தேர்தலில் அல்சூரை உள்ளடக்கிய பெங்களூரு மத்தியத் தொகுதியில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 54 பேர். மாநிலம் முழுவதுக்கும் அந்தக் கணக்கு ஏறக்குறைய 70.

பெங்களூரு மாநகராட்சியின் கடைசி மாமன்றம் 2015-இல் தேர்ந்தெடுக்கப்பட்டு 2020 செப்டம்பர் 10-ஆம் தேதி கலைந்தது. நகராட்சி அமைப்பின் காலம் ஐந்தாண்டுக்கு மேல் போகக்கூடாது, அது முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடந்துவிட வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்கிறது. இருந்தும் தேர்தல் நடக்கவில்லை. எல்லைகள் மறுபடி மறுபடி வரையப்பட்டன, வார்டுகளின் எண்ணிக்கை மாறியது, 2025 செப்டம்பர் 2-இல் ஒரே மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்து அல்சூர் மத்திய மாநகராட்சிக்குள் வந்தது. அடுத்த வாரம் கார்ப்பரேட்டரின் காலி நாற்காலிக்கு ஐந்து வயது நிறைந்தது. அத்தனை ஆண்டுகளிலும் ஏரிக்கரையில் நடப்பவர்கள் இருந்தார்கள். கார்ப்பரேட்டர் மட்டும் இருந்ததில்லை.