இறந்தவருக்குப் பாடிய பாட்டு

1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும் 17 அன்று டோக்கியோ புடோக்கான் அரங்கிலும் டீப் பர்ப்பிள் குழு வாசித்தது. ஹெவி ராக் இசைக்கு வழி போட்டவர்களில் அவர்களும் உண்டு. அந்த மூன்று இரவுகளின் ஒலிநாடாக்களிலிருந்து தேர்ந்தெடுத்து அதே ஆண்டு டிசம்பரில் வந்ததுதான் 'மேட் இன் ஜப்பான்'. ஸ்டுடியோவில் நாலரை நிமிடத்தில் முடிந்த 'ஸ்பேஸ் டிரக்கின்' இந்த இரட்டை இசைத்தட்டில் ஏறத்தாழ 20 நிமிடம் ஓடி, ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. பாட்டு எங்கே முடிய வேண்டும் என்பதை அந்த இரவே தீர்மானித்தது. பிறகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து எதையும் சேர்க்கவில்லை என்று குழுவினர் பெருமையோடு சொல்வார்கள். நடந்தது நடந்தபடி உங்கள் வீட்டுக்கு வருகிறது என்பதுதான் நேரடிப் பதிவு தரும் வாக்குறுதி.

அந்த வாக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்? ராயபுரத்திலும் காசிமேட்டிலும் இந்தக் கேள்வி ரசனையோடு நிற்காது. சாவு வீடு வரை போகும்.

வடசென்னையில் சாவு விழுந்தால் தெருவை மறித்துச் சாமியானா போடுவார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வரும், கண்ணாடிப் பெட்டி வரும், ராத்திரி ஏறும்போது, இந்தப் பகுதியின் தெருப்பாட்டான கானா பாடுகிறவர் வருவார். பாட்டைத் தொடங்குமுன் அவர் வீட்டாரிடம் விசாரிப்பார். பெரியவர் ஹார்பரில் மூட்டை தூக்கினாரா, கடலுக்குப் போனாரா, எத்தனை பிள்ளைகள், யார் இன்னும் ஊரிலிருந்து வந்து சேரவில்லை? டோலக் ஆரம்பித்ததும் இவையெல்லாம் ஒவ்வொன்றாகப் பாட்டுக்குள் விழும். அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த மகள், தன் பெயர் காதில் விழுந்ததும் கதறி அழுவாள். விடிந்து பிணத்தை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டின் வேலை தீர்ந்தது. அடுத்த தெருவில் மெட்டு அதுவே இருக்கலாம். பெயர் வேறு, பாட்டும் வேறு.

பிரதி எடுக்கப்படும்போது கலைப்படைப்பு தன் இடத்தையும் நேரத்தையும் இழக்கிறது என்று ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1930களில் எழுதினார். மரண கானாவுக்கு இந்த விளக்கம் போதாது. பதிவில் குரல் இருக்கும், தாளம் இருக்கும், நாய் குரைப்பதுகூட இருக்கும். யாரைப் பார்த்துப் பாடப்பட்டதோ அவர்தான் இருக்க மாட்டார். ஒசாகாவில் டிக்கெட் வாங்கியவரின் நாற்காலியில் தட்டு வாங்கியவரும் போய் உட்காரலாம். பெட்டிக்குள் படுத்திருப்பவரின் இடத்தில் யார் உட்காருவது?

அதனால் பதிவு செய்வதே தவறு என்று சொல்லிவிட முடியுமா? திருவொற்றியூர்க் கடற்கரையிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. துறவியான பட்டினத்தார் ஒடுங்கிய இடம் என்று அங்கே ஒரு கோயில் உண்டு. தாயின் சிதைக்கு முன் நின்று அவர் பாடினார் என்கிறது மரபு. ஒரே ஒரு தாய்க்காக, ஒரே ஒரு நாளில் பிறந்த பாடல்கள் அவை. நூற்றாண்டுகளாக எத்தனையோ பேர் தங்கள் தாயை நினைத்து அவற்றைப் பாடி அழுதிருக்கிறார்கள். இரவல் துக்கம் என்று யாரும் கூசியதில்லை. பாடுகிறவர் தன் இறந்தவரைக் கொண்டுவந்து அந்தப் பாட்டின் முன் கிடத்துகிறார். பாட்டுக்கு மறுபடி ஓர் ஆள் கிடைத்துவிடுகிறது. பதிவு செய்த கானாவுக்கும் இது பொருந்தும் என்றே தோன்றுகிறது. அதே ஊரில் திரிபுரசுந்தரியின் மேல் தியாகராஜர் இயற்றிய ஐந்து கீர்த்தனைகள் இன்று சபாக்களில் ஒலிக்கின்றன, தட்டுகளில் விற்கின்றன. சன்னதியில் பிறந்த பாட்டு ஊர் ஊராகப் போவது நமக்கு உறுத்தவில்லை. தெருவில் பிறந்தது வெளியே வந்தால் மட்டும் அதன் புனிதம் கெட்டுவிடும் என்பது நியாயமில்லை.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. பறையும் சட்டியும் எலெக்ட்ரிக் கிடாரோடும் டிரம்ஸோடும் ஒன்றாக ஒலித்தன. சாவு வீட்டை விட்டு வந்த கானா இன்னும் கானாதானா என்ற கேள்வி அந்த மேடைக்கும் உண்டு. ஆனால் அங்கே பாடியவர்களில் ராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணியும் ஒருவர். ஆண்களே பாடிவந்த கானாவில் தனக்கென இடம் பிடித்தவர். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

நேரில் நடப்பது மட்டுமே உண்மை என்று வாதிடுகிறவர்கள், அந்த நேரில் யார் யாருக்கு இடம் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாமியானாவுக்குக் கீழே பெண்கள் எப்போதும் இருந்தார்கள். மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். விடிய விடியக் கானா பாடும் மைக் மட்டும் அவர்கள் கைக்கு வரவில்லை. அது இசைவாணியின் கைக்கு வந்ததையும், அவர் குரல் ராயபுரத்தைத் தாண்டிப் போனதையும் சாத்தியமாக்கியவை மேடையும் பதிவும்தான்.