யார் போட்ட கட்டம்?

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் இருக்கிறது மண்டகப்பட்டு. அங்கே ஒரு பாறையில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சின்னக் கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கம். முகப்பில் இரண்டு தூண், இரண்டு அரைத்தூண், இரு ஓரத்திலும் துவாரபாலகர்கள். உள்ளே மூன்று கருவறைகள், மூன்றும் காலி. தமிழ்நாட்டுக் குடைவரைகளில் மிகப் பழையவற்றில் ஒன்று என்று பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம்.

முகப்பில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு உண்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரம்மாவுக்கும் ஈஸ்வரனுக்கும் விஷ்ணுவுக்கும் விசித்திரசித்தன் இந்தக் கோயிலைச் செய்வித்தான் என்பது அதன் சேதி. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர். ராஜாக்கள் வழக்கமாக என்ன கொடுத்தோம், எவ்வளவு பொன், எத்தனை வேலி நிலம் என்றுதான் பெருமை பேசுவார்கள். இவன் எதையெல்லாம் தொடவில்லை என்று பெருமை பேசுகிறான். அதுவரை கோயில் கட்டப் பயன்பட்ட அத்தனை சாமான்களையும் ஒதுக்கிவிட்டு, 'இப்ப கட்டு பார்க்கலாம்' என்று தனக்கே சவால் விட்ட மாதிரி இருக்கிறது.

சுடோகு போடுகிறவர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானது.

2020 மே மாதம், பாதி உலகம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, 'கிராக்கிங் தி கிரிப்டிக்' யூடியூப் சானலில் சைமன் ஆந்தனி ஒரு சுடோகு போட்டார். அமைத்தவர் மிட்செல் லீ. 81 கட்டத்தில் நிரப்பிக் கொடுத்திருந்தது இரண்டே இரண்டு. ஒரு 1, ஒரு 2, அவ்வளவுதான். சாதாரண சுடோகுவுக்கு ஒரே விடை வர வேண்டுமென்றால் குறைந்தது 17 எண்ணாவது கொடுத்தாக வேண்டும் என்று 2012-ல் கேரி மெக்குவயர் குழு கணிப்பொறி வைத்து நிறுவிவிட்டது. அப்புறம் இரண்டு எப்படிப் போதும்? விதிகள் கூடுதலாக இருந்தன. செஸ்ஸில் குதிரை தாவும் தூரத்தில் அதே எண் வரக்கூடாது. ராஜா நகரும் தூரத்திலும் வரக்கூடாது. பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் 3, 4 மாதிரி அடுத்தடுத்த எண்கள் வரக்கூடாது. பார்த்ததும் யாரோ கிண்டல் பண்ணுகிறார்கள் என்றுதான் சைமன் நினைத்தார். அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு, பிரபஞ்சமே பாடுகிற மாதிரி ஆனந்தப்பட்டார். அந்த வீடியோவைப் பல லட்சம் பேர் பார்த்தார்கள். ஒருவர் எண் நிரப்புவதை உட்கார்ந்து பார்ப்பதற்கு!

கொடுத்த எண்கள் செய்ய வேண்டிய வேலையை அங்கே தடைகள் செய்தன. எது கூடாது என்று சொல்லச் சொல்ல, எது முடியும் என்பது தெளிவாகிக்கொண்டே வருகிறது. யோசித்துப் பார்த்தால் சுடோகு நிரப்புகிற விளையாட்டே இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் ஒன்பது எண்ணும் உட்கார்ந்திருக்கின்றன. நாம் ஒவ்வொன்றாக எழுப்பி வெளியே அனுப்புகிறோம். கடைசியாக மிஞ்சுவது விடை. பாறை குடைவதும் இதேதான். பல்லவர் காலத் தச்சர்கள் பாறை முகத்தில் கட்டம் கட்டமாக வரி வெட்டி, நடுவில் துருத்தி நிற்கும் சதுரங்களைத் தட்டி எடுத்தார்கள். மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன குடைவரைகளில் அந்தக் கட்டங்கள் இன்றும் தெரிகின்றன. தவறாகத் தட்டினால் ஒட்ட வைக்கச் சுதை கிடையாது. பேனாவால் சுடோகு போடுகிற திமிர் பிடித்தவர்களை எனக்குத் தெரியும். உளியால் போடுவதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

"கம்ப்யூட்டர் ஒரு செகண்ட்ல போட்டுடும். அதுக்கு எதுக்குடா ஒரு மணி நேரம்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். இதற்கு நல்ல பதில் பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 1978-ல் எழுதிய 'தி கிராஸ்ஹாப்பர்' புத்தகத்தில் இருக்கிறது. தேவையே இல்லாத தடைகளை விரும்பி ஏற்றுக்கொண்டு கடக்க முயல்வதுதான் விளையாட்டு என்கிறார். கோல்ஃப் பந்தைக் குழியில் போடுவதுதான் நோக்கம் என்றால் கையில் எடுத்துப் போய்ப் போட்டுவிடலாமே. போடமாட்டோம் என்ற சம்மதத்தில்தான் விளையாட்டு இருக்கிறது.

எனக்கு இதில் ஒட்டவே ஒட்டாத இடம் 'விரும்பி' என்ற சொல். மண்டகப்பட்டில் விரும்பியது யார்?

கல்வெட்டின் வினை 'செய்வித்தான்'. சமஸ்கிருத மூலத்திலும் பிறவினைதான். செங்கல் வேண்டாம் என்று சொன்னவன் ஒருவன், அதனால் வந்த கல்லை உடைத்தவன் வேறொருவன். சவாலின் மகிழ்ச்சி முழுக்க மேலே போய்விட்டது. தூசியும் கைக்கொப்புளமும் கீழே தங்கிவிட்டன. விசித்திரமான சித்தம் அரசனுடையது, தோள்பட்டை வேறு யாருடையதோ. 'மத்தவிலாசம்' மாதிரி ஒரு நையாண்டி நாடகம் எழுதிய ஆள் இந்த முரணைக் கவனித்திருப்பானா என்று யோசிப்பதுண்டு. கவனித்திருந்தாலும் கல்வெட்டில் எழுதியிருக்க மாட்டான்.

பழைய ராஜா கதைதானே என்று விட்டுவிட முடியவில்லை. தடைதான் மனுஷனைச் செதுக்கும், வறுமைதான் படைப்பாற்றலின் தாய், தெருவிளக்கில் படித்தவன்தான் ஜெயிப்பான் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். ஒற்றை அறையில் நாலு பேரோடு உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பெண்ணிடம், 'இந்தக் கஷ்டமெல்லாம் உனக்குப் பயிற்சி' என்று ஏசி அறையிலிருந்து ஒருவர் சொல்கிறார். புதிர் ரசிகர்களும் இந்தப் பேச்சில் சுலபமாக விழுவோம். கட்டுப்பாடு எவ்வளவு இனிமையானது என்று எங்களுக்கு அனுபவத்திலேயே தெரியுமே! ஆனால் எங்களுக்குத் தெரிந்தது, எப்போது வேண்டுமானாலும் மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக்கூடிய கட்டுப்பாடு மட்டும்தான்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. சுடோகுவில் ஒரு வாக்குறுதி உண்டு, ஒரே ஒரு விடை கட்டாயம் இருக்கிறது என்று. அனுபவசாலிகள் இந்த வாக்குறுதியையே கருவியாக்கிக்கொள்வார்கள். இரண்டு வரிசை, இரண்டு பத்தி, இரண்டு பெட்டிகளுக்குள் அமையும் ஒரு செவ்வகத்தின் நாலு மூலையிலும் 4, 7 மட்டுமே மிஞ்சினால், இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு இரண்டு விடை கொண்டுவந்துவிடலாம். அமைத்தவர் அப்படி விட்டிருக்க மாட்டார், ஆகவே ஒரு மூலையிலாவது வேறு எண்தான் வரும் என்று முடிவு கட்டுவார்கள். இது ஏமாற்று வேலை, விதிகளிலிருந்து மட்டும்தான் விடைக்கு வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது. முகம் தெரியாத ஒருவரின் நேர்மையை நம்பி ஒரு எண்ணை எழுதுவது, தர்க்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்திருக்கிறது.

பொறுமை அங்கே நியாயமாவது அந்த வாக்குறுதியால்தான். இரண்டு மணி நேரம் முட்டிக்கொண்டாலும், வழி இருக்கிறது, கண்ணில் படவில்லை, அவ்வளவுதான் என்று தெரியும். அந்தப் பெண்ணுக்கு அப்படி யார் வாக்குக் கொடுத்தது? சில நூறு இடங்களுக்குச் சில லட்சம் பேர் போட்டியிடுகிற கட்டத்தில், எல்லோரும் தப்பே செய்யாமல் போட்டாலும் பெரும்பாலானோருக்கு விடை கிடையாது. அங்கே போய்ப் பொறுமையைப் புகழ்வதற்கு, இரண்டு விடை வரும் சுடோகுவை அச்சடித்து விற்கிற நியாயம்கூட இல்லை.

இதற்கு எதிராக எனக்குள்ளேயே ஒரு குரல் உண்டு. அந்தத் தச்சனுக்கு மகிழ்ச்சியே இல்லை என்று எப்படித் தீர்மானித்தாய் என்று அது கேட்கும். நியாயமான கேள்வி. மகேந்திரன் காலத்துத் தூண்கள் கீழே சதுரம், மேலே சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. அந்த நடுப்பகுதிக்குக் 'கட்டு' என்றே பெயர். எட்டு முகமும் சமமாக வந்த அன்றைக்கு உளியைக் கீழே வைத்துவிட்டு ஒருவன் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்திருப்பான். பிறர் போட்ட கட்டத்துக்குள்ளும் மனிதர்கள் தங்களுக்கென்று ஒரு சின்னக் கட்டம் போட்டுக்கொள்வார்கள். துவாரபாலகர்களைப் பார்த்தால் அதை நம்பத் தோன்றுகிறது. ஆனால் அந்த மகிழ்ச்சி அவனுடைய சம்பாத்தியம். செய்வித்தவன் அதைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள முடியாது.

சுடோகுவை உருவாக்கியவராகக் கருதப்படும் ஹோவர்ட் கார்ன்ஸ் ஓய்வுபெற்ற ஒரு கட்டடக் கலைஞர். அமெரிக்காவில் இண்டியானாக்காரர். 1979-ல் டெல் நிறுவனத்தின் புதிர்ப் பத்திரிகையில் 'நம்பர் பிளேஸ்' என்ற பெயரில் அது வந்தபோது புதிருக்குப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. 1984-ல் ஜப்பானின் நிகோலி எடுத்துக்கொண்டது, மாகி காஜி பெயர் வைத்தார். 2004-ல் வெய்ன் கௌல்ட் லண்டன் 'டைம்ஸ்' இதழுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார், உலகம் முழுக்கப் பரவியது. கார்ன்ஸ் 1989-லேயே இறந்துவிட்டார். இந்தப் புதிர் வந்த இதழ்களின் முன்பக்கத்தில் இருந்த பங்களிப்பாளர் பட்டியலில் மட்டும் அவர் பெயர் தவறாமல் இருந்ததை வைத்து, பிற்பாடு வில் ஷார்ட்ஸ் அவரைக் கண்டுபிடித்தார். அதுவும் நீக்கல் முறைதான்.

மண்டகப்பட்டுத் தச்சனுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரியில் மட்டும் ஒரு பாறையில் சில பெயர்கள் வெட்டியிருக்கின்றன. சிற்பிகளுடைய பெயர்கள் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பையமிழிப்பான் என்று போகிறது. எதைச் செய்தார்கள், யார் செய்வித்தார்கள் என்று அதில் ஒன்றும் இல்லை.