மக்கள் வணக்கமும் ரோமின் ஆணையும்

மயிலாப்பூரில் சாந்தோம் பேராலயம் எந்தத் திருத்தூதரின் கல்லறைமேல் எழுந்ததாக மரபு கூறுகிறதோ, அந்தத் தோமாவுக்குப் புனிதர் பட்டம் வழங்கிய திருத்தந்தை எவரும் இல்லை. திருத்தூதர்களும், விசுவாசத்துக்காக உயிர்நீத்த தொடக்ககால மறைச்சாட்சிகளும், விசாரணை ஏதுமின்றி, மக்கள் கல்லறைகளில் கூடி அவர்களது இறப்பின் நினைவைக் கொண்டாடியதாலேயே புனிதர்களாகப் போற்றப்பட்டனர். ரோம் முறைப்படி புனிதர் என அறிவித்ததாக அறியப்படும் முதல்வர், 993ஆம் ஆண்டில் அந்த அறிவிப்பைப் பெற்ற ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக்.

புனிதர் ஒருவர் இறந்த நாளே விண்ணகத்தில் அவர் பிறந்த நாள் எனக் கருதி அதையே திருநாளாகக் கொள்வது திருச்சபையின் பொது வழக்கம். தோமாவின் திருநாளோ, டிசம்பர் 21இல் இருந்து 1969ஆம் ஆண்டு நாட்காட்டித் திருத்தத்தால் சூலை 3க்கு மாறியது; அவருடைய எலும்புகள் எதெசா நகருக்குக் கொண்டு செல்லப்பட்டதை நினைவுகூரும் நாள் அது. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘தோமாவின் பணிகள்’ என்னும் சிரியாக் நூல் அவரது இந்தியப் பயணத்தை விவரித்தாலும் மயிலாப்பூரின் பெயரைச் சொல்வதில்லை. ஆகவே கல்லறை இங்கேதானா என்று வரலாற்றாய்வாளர் வினவுவது முறையே. ஆயினும் தோமா புனிதரா என்னும் வினா அதனின்றும் வேறானது, ஏனெனில் அவரது புனிதம் கல்லறையைச் சார்ந்ததன்று.

நட்டாலத்தில் 1712இல் பிறந்த தேவசகாயத்தின் வரலாறு, மக்கள் வணக்கம் ரோமின் ஆணைக்கு முந்தியது என்பதை மேலும் தெளிவாக்குகிறது. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, திருவிதாங்கூர் அரசால் சிறைப்படுத்தப்பட்டு, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தண்டிக்கப்பட்டது அரசியல் காரணத்துக்காகவா, விசுவாசத்தின் மீதான வெறுப்பினாலா என்பதே புனிதர் பட்ட விசாரணையின் மையக் கேள்வியாயிற்று. மறைச்சாட்சி என்பதற்குப் பின்னதே அடிப்படை. அது ஏற்கப்பட்டால், அருளாளர் என்னும் முந்தைய நிலைக்குப் புதுமை, அதாவது அற்புதம், தேவையில்லை. 2012இல் அவர் நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15 அன்று ரோமில் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்திலுள்ள அவரது கல்லறைக்கு மக்கள் வரத் தொடங்கியதோ பல தலைமுறைகளுக்கு முன்பே.

ரோமின் ஆணை புனிதத்தை உண்டாக்குவதில்லை, அறிந்து ஏற்கிறது. இன்றைய திருச்சபைச் சட்டமும், விசாரணையைத் தொடங்குமுன், ஒருவரது புனிதப் புகழ் எவரும் தூண்டாமல் மக்களிடையே தானாக எழுந்ததா என்றே முதலில் கேட்கிறது.