கைப்பேசிக் கடையும் கள்ளாமை விரதமும்

காஞ்சிபுரத்தில் பட்டு விற்பதற்கு இன்று கடைவாசல் தேவையில்லை. கைப்பேசி ஒன்றும், தறியில் அமர்ந்த நெசவாளரின் படம் ஒன்றும் இருந்தால் போதும்; வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக உலகெங்கும் விற்கலாம். இடைத்தரகரின்றி நெசவாளர் குடும்பங்களே வாங்குவோரை அடைய இது துணை செய்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் ஒரு வினா எழுகிறது. படத்தில் காண்பது கைத்தறி. வீடு வந்து சேர்வது விசைத்தறிச் சேலை. விற்றவர் "கையால் நெய்தது" என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. அவர் பொய் சொன்னவர் ஆவாரா? என் வகுப்பில் இதனைக் கேட்டிருந்தால், மாணவியருள் பாதிப்பேர் "அவர்தாம் சொல்லவில்லையே, டீச்சர்" என்று விடுவித்திருப்பார்கள்.

உமாஸ்வாமி ஆசாரியர் விடுவிக்கவில்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், போலிப் பொருளை உண்மைப் பொருள்போல் விற்பதை அவர் பொய்யின் கீழ் வைக்கவில்லை. களவின் அதிசாரங்களுள், குறைந்த அளவையால் கொடுத்து மிகுந்த அளவையால் கொள்வதற்கு அடுத்து வைத்தார். எனக்கு இது மிகவும் சிந்திக்கத்தக்கதாகத் தோன்றுகிறது. "நான் என்ன சொன்னேன்?" என்று வாதாடுவதற்கே அங்கு இடமில்லை. யாருடைய உடைமை யாரிடம் போயிற்று என்பதே வினா. வாங்கியவரின் பணம் மட்டுமன்று; உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட்டி, துணைக்கு ஒருவரை அமர்த்திக் கோர்வைச் சேலை நெய்பவரின் கூலியும் அங்கே களவு போகிறது. விசைத்தறியை விசைத்தறி என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. ஆனால் காஞ்சிபுரம் பட்டு என்பது 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர். அப்பெயரே கைத்தறி என்னும் உறுதிமொழியைத் தன்னுள் கொண்டது.

பணம் பெற்று எழுதப்படும் பாராட்டுரைகளோ சத்திய விரதத்தின் அதிசாரமான பொய்யெழுத்து வகையைச் சேர்ந்தவை. விற்பவரே வாங்கியவர்போல் மதிப்புரை எழுதுவதை 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் தடை செய்துள்ளன. விதி வந்தபின்னும் வழக்கம் ஓய்ந்தபாடில்லை.

நம் வீட்டுப் பெண்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உறவினர் குழுவில் "நல்ல சேலை, நம்பி வாங்கலாம்" என்று நாம் அனுப்பும் ஒரு வரிக்கு விளம்பரத்தைவிட வலிமை அதிகம். அத்தை சொன்னாள் என்றுதான் மருமகள் வாங்குகிறாள். தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் மூன்றும் வினையே என்று கற்ற நாம், ஆராயாமல் அனுப்பும் அவ்வரியை எதில் சேர்ப்பது?

ஆராயச் சில வழிகள் உண்டு. பட்டிழையை எரித்தால் முடி கருகும் நாற்றம் வரும். சாம்பல் விரலில் பொடியும். செயற்கை இழை உருகிக் கட்டியாகும். மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் முத்திரை தூய பட்டு என்பதற்கு மட்டுமே சான்று, கைநெசவுக்கு அன்று. அதற்கு 2006இல் வந்த கைத்தறி முத்திரை தனியே உள்ளது. இவ்வேறுபாட்டை அறியாமலே பலர் ஏமாறுகின்றனர்.

எச்சோதனைக்கும் எளிதில் பிடிபடாத ஒன்று, குறிப்பாக நம்மவரை நாடி வருவது, 'அகிம்சைப் பட்டு' என்னும் பெயர். கூட்டுப்புழுவை நீரிலிட்டுக் கொல்வதால் பட்டையே விலக்கிய குடும்பங்கள் நம்மில் பல. அந்துப்பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து எடுத்த நூல் என்று சொன்னால் அவர்கள் மனம் இளகுகிறது. அந்த உயிர் பறந்ததா, வெந்ததா என்பதை எரித்துப் பார்த்தோ தொட்டுப் பார்த்தோ அறிய முடியாது. ஒரு குறிப்பு மட்டும் உண்டு: பூச்சி துளைத்து வெளியேறிய கூட்டில் இழை அறுபட்டிருக்கும், அதனைப் பஞ்சுபோல் நூற்றே நூலாக்க வேண்டும், ஆகவே வழக்கமான பட்டின் பளபளப்பு அதில் குறைவு. கண்ணாடிபோல் மின்னும் முகூர்த்தச் சேலையை அகிம்சைப் பட்டு என்று ஒருவர் படம் அனுப்பினால், நூல் எந்த ஊரில், எம்முறையில் நூற்கப்பட்டது என்று கேட்டெழுதுங்கள். பதில் வரும்வரை பணம் அனுப்ப வேண்டாம்.